விடை தெரிந்த பிறகும் படிக்க முடிகிறதா? சில துப்பறியும் கதைகள்

துப்பறியும் கதையை முதல் தடவை படிக்கும்போது, கொலையாளி யார் என்ற ஆவலே பக்கத்தைப் புரட்டிவிடும். எழுத்து சுமார் என்றாலும் உறைக்காது. விடை தெரிந்த பிறகு மறுபடி எடுத்துவைத்து, இந்த ஆள் இந்நேரத்தில் இங்கே ஏன் நிற்கிறான், இந்தச் சாமான் இந்த அறைக்குள் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால்தான் சரக்கு எவ்வளவு என்று தெரியும். அண்மையில் படித்தவற்றை அந்த உரைகல்லில்தான் இங்கே தேய்த்துப் பார்க்கிறேன். நூறு வருடம் தாண்டிய கதைகளின் முடிவை ஒளிக்கப்போவதில்லை. மற்றவற்றின் கடைசி முடிச்சைத் தொடமாட்டேன்.

கோனன் டாயிலின் ‘ஸ்பெக்கிள்டு பேண்ட்’ 1892 பிப்ரவரியில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்தது. 1927-இல் டாயில் தன் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் சிறந்த பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தபோது முதலிடம் கொடுத்ததும் இதற்குத்தான். கல்கத்தாவில் மருத்துவம் பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய டாக்டர் ராய்லட், அவருடைய மனைவியின் முதல் கல்யாணத்துப் பெண்கள் இருவர், பழைய பங்களா. கல்யாணம் நெருங்கும்போது பூட்டிய அறையில் படுத்திருந்த ஒரு பெண் செத்துப்போகிறாள். இரண்டு வருடம் கழித்து மற்றவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. அவளையும் அதே அறையில் படுக்கச் சொல்கிறார்கள்.

இதில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போவது பணக்கணக்கு. தாய் விட்டுப்போன வருமானம் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,100 பவுண்டு. விளைபொருள் விலை சரிந்ததில் அது 750 ஆகிவிட்டது. கல்யாணமானால் ஒவ்வொரு பெண்ணுக்கும் 250 கொடுத்தாக வேண்டும். இருவருக்கும் கொடுத்துவிட்டால் ராய்லட் கையில் மிஞ்சுவது வெறும் 250. 1,100 அப்படியே வந்துகொண்டிருந்தால் இரண்டு கல்யாணத்துக்குப் பிறகும் 600 நின்றிருக்கும். மனுஷன் முணுமுணுத்துக்கொண்டே காலம் தள்ளியிருப்பார். விலை வீழ்ச்சியை ஒரே வரியில் சொல்லி, அதையே கொலைக்குக் காரணமாக்கியிருக்கிறார் டாயில்.

அறையின் அமைப்பும் பலே. மணி அடிக்காத மணிக்கயிறு, வெளிக்காற்றுக்குத் திறக்காமல் பக்கத்து அறைக்குத் திறக்கும் காற்றுத் துவாரம், தரையோடு அறையப்பட்ட கட்டில். தனித்தனியாகப் பார்த்தால் கட்டியவனின் கோளாறு என்று விட்டுவிடலாம். மூன்றையும் சேர்த்தால் ராய்லட் ஏவும் பாம்பு துவாரத்திலிருந்து கயிறு வழியாகக் கட்டிலுக்கு இறங்க ஒரு பாதை கிடைக்கிறது. பாம்பு கண்ணில் படுவதற்கு முன்பே வாசகன் இதைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

காலை வாரிவிடுவது பாம்புதான். ‘இந்தியாவிலேயே கொடிய சதுப்பு விரியன்’ என்கிறார் ஹோம்ஸ். அப்படியொரு பாம்பு இந்தியாவில் எங்கும் கிடையாது. சாய்சதுரத் தலை விரியனுடையது, உப்பிய கழுத்து நாகத்தினுடையது. விசில் அடித்தால் திரும்பி வருமாம். பாம்புக்கு வெளிக்காது இல்லை, அதற்கு எட்டுவது தரையதிர்வும் தணிந்த ஒலியும்தான், விசிலின் சுருதி அதற்கு மேலே. கிண்ணத்துப் பாலைக் காட்டிப் பழக்கினாராம். ஆடி வெள்ளியில் புற்றில் ஊற்றும் பால் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று நம்மூரில் எறும்பைக் கேட்டால் சொல்லும். கடிபட்டுப் பத்து வினாடியில் சாவு என்பதும் எந்த விஷத்துக்கும் பொருந்தாது. போதாக்குறைக்கு, இந்தியாவிலிருந்து வந்த பிராணிகள் என்று தோட்டத்தில் சிவிங்கிப்புலியோடு ஒரு பபூனையும் திரியவிடுகிறார் டாயில். பபூன் ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் உள்ள குரங்கு. இத்தனைக்கும் கதை நிற்கிறது. ஏனென்றால் ஹோம்ஸ் பாம்பைக் கண்டுபிடிப்பது பாம்பின் குணத்தை வைத்து அல்ல, அறையை வைத்து.

அதே வருட டிசம்பரில் வந்த, பந்தயக் குதிரை ஒன்று காணாமல்போகும் ‘சில்வர் பிளேஸ்’ இதைவிடக் கெட்டிக்காரக் கதை. குரைக்காத நாயைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது மட்டன் கறி. லாயக் காவல் பையனுக்கு அன்றைக்கு மசாலா தூக்கலான ஆட்டுக்கறி. அதில் அபினிப் பொடி. அபினிக்கு ருசி உண்டு, சாதாரணச் சாப்பாட்டில் கலந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். அப்படியானால் அன்றிரவு என்ன சமையல் என்று தீர்மானிக்க முடிந்தவர்தான் கலந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த சூதாட்டக்காரனுக்கு அந்த வீட்டுச் சமையல்கட்டு மேல் என்ன அதிகாரம்? ஒரே கேள்வியில் முக்கியச் சந்தேக ஆள் கழன்றுவிடுகிறான். குறையென்றால் ரயில் காட்சி. தந்திக் கம்பங்கள் 60 கஜ இடைவெளி, ஆகவே வேகம் மணிக்கு 53½ மைல் என்கிறார் ஹோம்ஸ். அந்த வேகத்தில் ஒரு கம்பத்துக்கு 2.3 வினாடிகூட ஆகாது. நிமிடக்கணக்கில் எண்ணினால் ஒழிய அரை மைல் சுத்தம் வராது. குதிரைப் பந்தய விதிகளிலும் கதை சறுக்குகிறது. அந்த விஷயத்தில் தனக்கிருந்த அறியாமை கதையில் பல்லிளிக்கிறது என்று டாயிலே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஜாக் ஃபூட்ரெல் என்ற அமெரிக்கரின் பெயர் நம்மிடையே அவ்வளவு புழங்குவதில்லை. 1912-இல் டைட்டானிக்கோடு போனவர். அவருடைய ‘13-ஆம் எண் அறை’ 1905-இல் பாஸ்டன் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்தது. பேராசிரியர் வான் டூசன் சவால் விடுகிறார்: மரண தண்டனைக் கைதிகளின் அறையில் என்னைப் பூட்டுங்கள், ஒரு வாரத்தில் வெளியே வந்து காட்டுகிறேன். உடுத்திய சட்டை, கால்சட்டை, காலுறை, ஷூ தவிர அவர் கேட்டது மூன்று: பல்பொடி, ஒரு ஐந்து டாலர் நோட்டும் இரண்டு பத்து டாலர் நோட்டுகளும், ஷூவுக்கு நல்ல பாலிஷ்.

மறுபடி படிக்கும்போது இந்தப் பட்டியல்தான் விருந்து. பாலிஷ் எழுதும் மையாகிறது, காலுறையைப் பிரித்தால் நூல். அறைக்குள் ஓடும் எலிகள் சாக்கடை எலியல்ல, வயல் எலி என்று கவனிக்கிறார். அப்படியென்றால் சுவரடியில் இருக்கும் பழைய குழாய் தண்ணீர் ஓடாத குழாய், மறுமுனை வெட்டவெளியில் எங்கோ திறக்கிறது. நூலை எலி காலில் கட்டி விரட்டுகிறார். நோட்டு கூடப் போகிறது, கண்டெடுப்பவனுக்குக் கூலியாக. இந்த வரிசையில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகவில்லை, ஒவ்வொன்றும் முன்பே நம் கண்ணெதிரில் வைக்கப்பட்டதுதான்.

இடறுவது பிற்பாதி. மூளை ஒன்றே போதும் என்று ஆரம்பித்த பந்தயம், வெளியே இருக்கும் நிருபர் ஹேட்ச் ஓடியாடி உதவாவிட்டால் படுத்துவிடும். கம்பியை அறுக்க அமிலம் கொண்டுவந்து சேர்ப்பது அவர். எலி எடுத்துப்போன சீட்டு நேர்மையான கையில் கிடைத்ததும் அதிர்ஷ்டம். மேலும், எப்படித் தப்பினார் என்பது முழுவதும் கடைசியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசும் பேச்சாகவே வருகிறது. முதல் வாசிப்பில் அது பரபரப்பு. அடுத்த தடவை கொஞ்சம் பாடம் நடத்துவதுபோல் இருக்கிறது. ஆனாலும் புதிதாக மர்மக் கதை எழுத நினைப்பவர்கள் படிக்க வேண்டிய முதல் கதை இதுதான் என்பேன்.

ரோல்ட் டாலின் ‘லேம் டு தி ஸ்லாட்டர்’ (1953) பத்துப் பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆறு மாதக் கர்ப்பிணி, போலீஸ்காரப் புருஷன், உறைந்துபோன ஆட்டுத்தொடை. புருஷன் அவளிடம் சொன்னது என்ன என்பதை டால் எழுதவே இல்லை, நாலைந்து நிமிடம் பேசினான் என்பதோடு சரி. அந்தத் துணிச்சல் பெரிது. சமையல்காரக் கண்ணோடு நேரத்தைச் சரிபார்த்தால் அதுவும் உதைக்கவில்லை: தொடை அடுப்பில் ஏறுவது மாலை ஆறுக்குச் சற்று முன், அடுப்புப் பேச்சு மறுபடி எழுவது ஒன்பதை ஒட்டி. மூன்று மணி நேரம். உறைந்த தொடை வேகக் கிட்டத்தட்ட அவ்வளவு பிடிக்கும்.

கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவல் ஜப்பானில் 2005-இல் வந்து நாவோகி என்ற இலக்கியப் பரிசு பெற்றது. அலெக்சாண்டர் ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2011. கொலை செய்தது யார், எப்படி என்பதெல்லாம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். யாசுகோ என்ற பெண்ணின் முன்னாள் கணவன் அவள் வீட்டிலேயே கழுத்து நெரிபட்டுச் சாகிறான். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் இஷிகாமி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளே வருகிறார். பிறகு ஆற்றங்கரையில் முகம் சிதைந்து, விரல் நுனி கருகிய ஒரு பிணம். பக்கத்தில் கைரேகையோடு ஒரு சைக்கிள். இத்தனை சிரமப்பட்டு அடையாளத்தை அழித்தவன் சைக்கிளை மட்டும் ஏன் விட்டுப்போனான்? இந்த முரணை விடாமல் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

தாயும் மகளும் சினிமாவுக்குப் போனதாகச் சொல்வதற்கு டிக்கெட் துண்டுகள் சாட்சி. பலமான சாட்சியும் இல்லை, உடைக்கவும் முடியவில்லை. இஷிகாமி தன் தேர்வுத்தாளைப் பற்றிச் சொல்லும் ஒரு வாக்கியம், வடிவியல் கேள்விபோலத் தெரிவது உண்மையில் இயற்கணிதம் என்பது, மொத்தப் புதிரின் சாவி. அதைப் பாதி வழியில் சாவகாசமாகச் சொல்லிவிட்டுப் போகிறார் ஆசிரியர். வாசகனுக்கு எல்லாத் தடயமும் நியாயமாகக் கொடுக்கப்பட்டதா என்று ஜப்பானில் பெரிய சர்ச்சையே நடந்தது. மறுபடி படித்தவரையில் என் தீர்ப்பு: கொடுத்திருக்கிறார், ஆனால் ஓர் இடத்தில் தேதியை வேண்டுமென்றே பேசாமல் விட்டிருக்கிறார். அது ஏமாற்று இல்லை, சாமர்த்தியம். எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. யாசுகோ கடைசி அத்தியாயம்வரை மற்றவர்கள் நகர்த்தும் காயாகவே இருக்கிறாள். இஷிகாமியின் அன்புக்கு வேறொருவர் கொடுத்த விலையைப் பற்றியும் கதை போதிய அளவு கூசவில்லை.

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ 1981-இல் குமுதத்தில் தொடராக வந்தது. தோட்டத்தில் தெரிவது பேயா, ஹோலோகிராமா (ஒளியால் உண்டாக்கும் முப்பரிமாண உருவம்) என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் கட்சி கட்டும் பக்கங்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் ஹோலோகிராம் தெரிய, பார்ப்பவருடைய பார்வைக்கோட்டில் அதன் படத்தகடு இருந்தாக வேண்டும். திறந்தவெளியில் நினைத்த இடத்தில் உருவத்தை நிறுத்தி உலவவிட அந்தத் தொழில்நுட்பம் இடம் கொடுக்காது. மின்னணுப் பொறியாளரான சுஜாதாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. விஞ்ஞானக் கட்சியை முழுசாக ஜெயிக்கவிடாமல் நிறுத்தியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். வாரத்தொடர் என்பதால் அத்தியாயத்துக்கு ஒரு திடுக் இருக்கிறது. ஒரே மூச்சில் படித்தால் ஐந்தாவது திடுக்கிலேயே அலுத்துவிடும். நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று படிப்பது நல்லது. பெண்களைப் பற்றிய வசந்தின் கிண்டல்களில் பாதி இன்று சிரிப்பு வரவழைக்காது.

தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வை (ஆனந்த விகடன், 1942) இந்த வரிசையில் வைப்பது சிலருக்கு உறுத்தலாம். வங்கி குமாஸ்தா சாம்பு எதையும் யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை, தடுக்கி விழுந்தால் திருடன் மேல் விழுவார். தற்செயல்தான் கதை என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் அங்கே தற்செயல் குற்றமாகாது. சாம்புவுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறதே, சிரிப்பு அதில்தான். இன்ஸ்பெக்டர் கோபாலனின் பாராட்டு இல்லாவிட்டால் பாதி கதைகள் எழும்பாது. ஒரே வார்ப்பு என்பதால் மூன்றுக்கு மேல் சேர்ந்தாற்போல் படிக்கக்கூடாது.

டாயில், ஃபூட்ரெல் இருவரின் கதைகளும் காப்புரிமை முடிந்தவை, ஆங்கில மூலம் இணையத்தில் இலவசம். ஹோம்ஸைத் தமிழில் வாங்குவதானால் சுருக்கப் பதிப்பா, முழுதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பாம்புக் கதையைத் திருப்பி 1,100, 750, 250 என்ற மூன்று தொகைகளும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்தப் புத்தகத்தில் பாம்பு மட்டும்தான் இருக்கும்.