வாடகை வீடு ஏன் கிடைப்பதில்லை: யார் சொல்வது சரி?

வீடு காலி என்று விளம்பரம் வந்த அன்றே மாடிப்படி முழுக்க ஆட்கள். கையில் சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம், இடுப்பில் குழந்தை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவதற்குள் வேறொருவர் முன்பணம் கட்டியிருப்பார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், கட்டுமானக்காரர் விதிகளைக் கை காட்டுவார், வீட்டுக்காரர் வாடகைக் கட்டுப்பாட்டைத் திட்டுவார், குடியிருப்பவர் சுற்றுலாப் பயணிகளைச் சொல்வார்.

முதல் கட்சி சொல்வது எளிது: ஆள் அதிகம், வீடு குறைவு. நியூயார்க்கில் 2023 கணக்கெடுப்பின்படி வாடகை வீடுகளில் காலியாக இருந்தவை 1.41 சதவீதம்தான். 1968க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை. நூறு வீட்டுக்கு ஒன்றரை வீடுகூட இல்லாத ஊரில் யாரிடம் பேரம் பேசுவது? நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் நெருக்கமாக வீடு கட்ட வழிவிட்டது. ஒரு தனி வீடு நின்ற மனையில் மூன்று நான்கு வீடுகள் எழுந்தன, கட்டட அனுமதிகள் பெருகின. இந்தக் கட்சி பக்கம்தான் நான் அதிகம் சாய்கிறேன். ஆனால் வரைபடத்திலிருந்து சாவி வரை வருஷக்கணக்கில் ஆகும். படிக்கட்டில் நிற்பவருக்கு அடுத்த மாதமே வீடு வேண்டும்.

நாள் வாடகைக்கு விடுவதைக் குறை சொல்பவர்களின் வாதமும் பொய்யில்லை. மாத வாடகையைச் சில இரவுகளிலேயே எடுக்க முடியும் என்றால் உரிமையாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? பார்சிலோனாவை ஆராய்ந்தவர்கள், வீட்டை நாள் வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி இணையத்தளத்தால் வாடகை சராசரியாக 1.9 சதவீதமும், பயணிகள் மொய்க்கும் பகுதிகளில் 7 சதவீதமும் ஏறியதாகக் கணக்கிட்டார்கள். அந்தத் தெருக்காரருக்கு அது பெரிய அடி. நகரம் முழுக்கப் பார்த்தால் அதுவே முழுக் காரணம் ஆகாது. சுமார் 10,000 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028க்குள் முடித்துக்கொள்ள அந்த நகரம் முடிவு செய்திருக்கிறது. நல்ல முடிவுதான். அதை வைத்து நெருக்கடியே தீர்ந்துவிடும் என்று மட்டும் யாரும் நம்பிவிடக் கூடாது.

அப்புறம் வாடகைக் கட்டுப்பாடு. சான் பிரான்சிஸ்கோவில் 1994இல் மக்கள் வாக்களித்து, 1980க்கு முன் கட்டிய சின்ன அடுக்குமாடி வீடுகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர்கள் அதைத் தோண்டிப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டிலேயே நிலைத்திருக்கும் வாய்ப்பு 10 முதல் 20 சதவீதம் கூடியது. அதே சமயம், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கட்டடங்களின் உரிமையாளர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்துவிட்டார்கள், நகர வாடகையே சுமார் 5 சதவீதம் ஏறியது. ஆளுக்கொரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். குறைந்த அந்த 15 சதவீதம் எங்கே போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சில வீடுகள் சொந்த வீடாக விற்கப்பட்டன, சில இடங்களில் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். புதுக் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது. முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை இது. இருக்கும் குடித்தனக்காரரைக் காப்பதில் எனக்கு முழு உடன்பாடு. அந்தக் கொல்லைக் கதவையும் சேர்த்து அடைக்காவிட்டால் அடுத்து வீடு தேடி வருபவர்தான் விலை கொடுப்பார். ஸ்டாக்ஹோமில் கட்டுப்பாட்டு வாடகை வீட்டுக்குச் சராசரியாக ஒன்பது ஆண்டு போல வரிசையில் காத்திருக்கிறார்கள். நேற்று ஊருக்கு வந்தவருக்கு அந்த வரிசையால் என்ன பயன்?

வீடு கட்டுவதிலிருந்து அரசு விலகிக்கொண்டதுதான் காரணம் என்பவர்கள் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவைக் காட்டுவார்கள். 1920களிலிருந்து கட்டிக்கட்டி இன்று சுமார் 2,20,000 வீடுகள் நகராட்சி கையில் இருக்கின்றன. மானியம் பெற்ற வீடுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ பாதி நகரம் இவற்றில் குடியிருக்கிறது. இந்த வாதத்தையும் முதல் கட்சியையும் எதிரெதிராக நிறுத்துவது எனக்குப் புரியவே இல்லை. அங்கேயும் வீடு கட்டினார்கள், அதனால்தான் இருக்கிறது. செங்கல் யார் காசில் வந்தது என்பதில்தான் தகராறு.