புஷ் போடக் கொடுத்தேன், கார்புரேட்டரே மாறி வந்தது

பழைய பத்மினி, அம்பாசிடர் வைத்திருக்கிற நம் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டறை ராமநாதபுரத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. பெயர் போடவில்லை. ஒரே ஒரு ஆள்தான் இப்படிச் செய்கிறான் என்று நான் நம்பவில்லை என்பதும் ஒரு காரணம்.

என்னுடையது 1986 மாடல் பிரீமியர் பத்மினி. வாப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 1089 சிசி எஞ்சின், சோலெக்ஸ் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற பாகம்). கீழக்கரையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு என்பதால் உப்புக்காற்றில் அந்த கார்புரேட்டர் எப்போதும் வெள்ளை பூத்துத்தான் இருக்கும். வாப்பா அதைத் துடைத்துத் துடைத்து முப்பது வருஷம் ஓட்டினார். சோக் லீவருக்குக் கீழே அதன் பாடியில், சென்டர் பஞ்ச் என்கிற கூர் முனை உளியால் மூன்று புள்ளி அடித்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "நம்ம பொருள்னு நமக்குத் தெரியணும்ல" என்றார். அப்போது சிரித்தேன்.

போன வருஷம் வண்டி ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடுகிற நிலையில்) நிற்கவே இல்லை. சில நேரம் தானாக ரேஸ் ஏறும், சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்தார், கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டரோடு திரும்புகிற தண்டான த்ராட்டில் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். "பாருங்க பாய், துவாரம் முட்டை மாதிரி ஆயிருச்சு. இதுவழியா காத்து இழுக்குது. புஷ் போடணும்."

புஷ் என்றால் தேய்ந்த துவாரத்துக்குள் இறக்குகிற உலோக வளையம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் நம்பினேன். ஷாஃப்ட் கெட்டி, பாடி மெத்தென்ற துத்தநாகக் கலவை. ரிட்டர்ன் ஸ்பிரிங் ஷாஃப்டை எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருப்பதால் துவாரம் நீள்வட்டமாகத் தேயும். அந்த ஷாஃப்டில் மாட்டியிருக்கிற காற்று மூடியான பட்டர்ஃபிளைக்குக் கீழே கள்ளத்தனமாகக் காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை நீர்த்துவிடும். நீங்களே பார்க்கலாம். ஐடிலிங்கில் ஓடும்போது ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். ஓட்டம் சட்டென்று சீரானால் அங்கேதான் ஓட்டை. பெட்ரோல் தெளித்துப் பார்க்கிறவர்களும் உண்டு, சூடான எஞ்சினில் அது வேண்டாத வேலை.

மதுரையில் லேத்துக்கு அனுப்ப வேண்டும், மூன்று நாள், ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்றார். ஐந்தாயிரம் முன்பணம் ஜிபேயில் போட்டேன். மூன்று நாள் இருபத்து நான்கு நாள் ஆனது. போன் செய்தால் "டர்னருக்கு உடம்பு சரியில்ல பாய்", அப்புறம் "கிட் வரல". கடைசியில் வண்டியில் மாட்டியே கொடுத்தார். கார்புரேட்டர் வெள்ளிப்பாத்திரம் மாதிரி மின்னியது. எனக்கு ஒரே சந்தோஷம். மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு பில் கூடக் கேட்காமல் வந்தேன். பழைய பாகங்களைக் கேட்கவில்லை, மூன்று புள்ளியைத் தேடவும் இல்லை. மாமன் மச்சான் மாதிரி பேசிவிட்டால் நமக்கு பில் கேட்கக் கூச்சம்.

ஒரு வாரம் அருமையாக ஓடியது.

ஆடி மாதம் பாம்பனில் ஒரு கல்யாணத்துக்கு உம்மாவையும் லாத்தாவையும் (அக்கா) ஏற்றிக்கொண்டு போனேன். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுவில், கச்சான் காற்று ஆளைத் தள்ளுகிற இடத்தில், வண்டி அணைந்தது. பின்னால் டூரிஸ்ட் பஸ், ஹாரன் சத்தம். பெட்ரோல் வாடை வேறு. பானெட்டைத் தூக்கினால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் கொதிக்கிற எஞ்சின் மேல். உம்மா ஓதிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. தள்ளிக்கொண்டு கரை சேர்ந்தோம்.

மண்டபத்தில் வயதான மெக்கானிக் அண்ணன் ஒருவர். அந்தக் காலத்து டாக்ஸிகளைப் பார்த்தவர். பிரித்துப் போட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, புஷ் எங்க இருக்கு, நீயே காட்டு." புஷ் இல்லை. துவாரத்தில் தடித்த கிரீஸைத் திணித்து, வெளிவாயில் எம்-சீலால் ஒரு வளையம் வைத்து, மேலே சில்வர் பெயின்ட். பெட்ரோல் அந்தக் கிரீஸைக் கழுவித் தீர்க்க ஆன ஒரு வாரம்தான் எனக்குக் கிடைத்த அருமையான ஓட்டம். புகுகிற காற்றைச் சரிக்கட்ட ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற ஐடில் ஜெட்டின் துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கியிருந்தார்கள். பெட்ரோல் வரத்தை மூடித் திறக்கிற ஃப்ளோட் நீடில் பழையதே, முனையில் வரிவிழுந்து மூடாமல் கிடந்தது. சொட்டியது அதனால்.

அப்புறம்தான் சோக் லீவருக்குக் கீழே பார்த்தேன். புள்ளி இல்லை. அது எங்கள் கார்புரேட்டரே இல்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால பாய், என் வேலையில குறை இல்ல." இதுவும் பாதி உண்மை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் டயஃப்ரத்தை அது ஊறவைத்துக் கெடுக்கும், நாள்பட நிறுத்தி வைத்த வண்டியில் ஈரம் சேர்க்கும். ஆனால் எத்தனால் புஷ்ஷைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகாது. புள்ளியைக் கேட்டதற்கு, "பஃபிங்ல அழிஞ்சிருக்கும்." சென்டர் பஞ்ச் குழி பஃபிங் என்கிற மெருகேற்றலில் அழியாது என்று அவருக்கும் தெரியும்.

நல்ல பாடி கொண்ட பழைய சோலெக்ஸ் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. மெட்ராஸ் பக்கம் பழைய வண்டி பிரியர்கள் கேட்ட விலை கொடுக்கிறார்கள். என்னுடையது அங்கே போயிருக்கும் என்பது என் சந்தேகம்.

1915-க்கு போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லை, ஜிபே ரசீதும் வாட்ஸ்ஆப்பில் "புஷ் போட்டாச்சு பாய்" என்று அவர் அனுப்பிய குரலும்தான் கையில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

கார்புரேட்டரைக் கழற்றிக் கொடுப்பதாக இருந்தால், ஜெட்டில் குத்தியிருக்கிற எண்ணை போட்டோ எடுங்கள். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர் துளை, அதைக் குடைந்தால் எண் பொய்யாகிவிடும். புஷ் போட்டதை மாட்டுவதற்கு முன்னால் கையில் வாங்கிப் பாருங்கள். ஷாஃப்டைச் சுற்றி பித்தளையோ வெண்கலமோ வளையமாகத் தெரிய வேண்டும், ஆட்டினால் ஆடக்கூடாது, பட்டர்ஃபிளை விட்ட இடத்தில் ஒட்டாமல் திரும்ப வேண்டும். மண்டபத்து அண்ணன் இந்த மாற்றுப் பாடிக்கே இரண்டு பக்கத் துவாரத்தையும் ஒரே நேர்க்கோட்டில் ரீமர் (துவாரத்தைச் சீராகக் குடைகிற கருவி) விட்டு புஷ் இறக்கிக் கொடுத்தார். நான்கு நாள், இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். வண்டி ஓடுகிறது.

யாராவது புதிதாக வாங்கிய பழைய சோலெக்ஸில் சோக் லீவருக்குக் கீழே வரிசையாக மூன்று புள்ளி இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். கொடுத்த விலையைக் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.