பி.எச்டி.யை மறைக்கச் சொன்ன ரெஸ்யூம் சேவை: ஆறு வாரம் பயன்படுத்திய பிறகு

"இவ்வளவு படிச்சிட்டு இந்த வேலைக்கு ஏன் வர்றீங்க?" பதினொரு இன்டர்வியூ போய்விட்டேன், எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றன. எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் பணம் கட்டி இந்தச் சேவையில் சேர்ந்தேன். வேலைக்குக் கேட்பதைவிட அதிகம் படித்தவர்களுக்கு என்றே இணையத்தில் நடத்துகிறார்கள். ரெஸ்யூமைத் திருத்தி எழுதித் தருவார்கள், ஆலோசகரோடு நான்கு வீடியோ சந்திப்பு, இரண்டு மாதிரி இன்டர்வியூ, எல்லாம் ஆறு வாரத்துக்குள். பெயரைப் போடவில்லை. சேருவதற்கு முன் நான் விசாரித்த மற்ற இரண்டு இடங்களிலும் இதே முறைதான், ஆகவே யாரிடம் போவதாக இருந்தாலும் இது உதவும்.

நான் தாவரவியலில் பி.எச்டி. அப்புறம் இரண்டு வருடம் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டி.க்குப் பிறகான ஒப்பந்த ஆய்வுப் பணி, ஒப்பந்தம் முடிந்தது, அடுத்தது அமையவில்லை. இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை, அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் விதைப் பரிசோதனை ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலைக்கு, இளங்கலை போதும் என்று அவர்களே போட்டிருக்கும் வேலைக்கு, நான் விண்ணப்பித்தால் "நீங்க ஓவர் குவாலிஃபைட்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், சம்பந்தம் உள்ள இடத்தில்தான் கதவை அடைக்கிறார்கள். இதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

முதலில் ரெஸ்யூம் திருத்தம். ஐந்தாம் நாள் வந்தது. பி.எச்டி. இல்லை, போஸ்ட்டாக் இல்லை, கட்டுரைகள் இல்லை, ஏழு வருட உழைப்பு "ஆய்வகப் பணி, தற்காலிகம்" என்று ஒரே வரியாக ஆகியிருந்தது. அந்த ஃபைலை மூடி வைத்தவன் மூன்று நாள் திறக்கவில்லை. மனவருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேலை என்ற முறையிலும் அது தப்பு. அந்த ஏழு வருடத்தில்தான் நான் ரசாயனங்களுக்கு ஆர்டர் போட்டேன், இருப்புப் பதிவேடு எழுதினேன், நடுராத்திரியில் ஃப்ரீசர் நின்றுபோனபோது ஓடிப்போய் மாதிரிகளைக் காப்பாற்றினேன், புதிதாக வந்த ஒன்பது பேருக்குக் கருவிகளைப் பழக்கிவிட்டேன். ஆய்வக வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவது இதையெல்லாம்தானே? பட்டத்தை வெட்டுகிறேன் என்று வேலைத்திறனையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். எழுதியவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இன்னொன்று, இதைச் சேர்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ரெஸ்யூம் நாம் தேர்ந்தெடுத்துச் சொல்வது, அதில் ஒன்றை விடலாம். விண்ணப்பப் படிவம் அப்படியல்ல. "அதிகபட்சக் கல்வித் தகுதி" என்று கேட்டு, கீழே எல்லாம் உண்மை என்று கையெழுத்தும் வாங்கினால், அங்கே குறைத்து எழுதுவது பொய். இந்தியாவில் ஒரு பொதுத்துறை வங்கியின் பியூன் வேலைக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று விதி இருந்தது, ஒருவர் தன் பட்டத்தை மறைத்துத் தேர்வானார், வங்கி அதை ரத்து செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020-ல் வங்கியின் பக்கம்தான் தீர்ப்பானது. எனக்கு வந்த வழிகாட்டிக் குறிப்பில் ரெஸ்யூமுக்கும் படிவத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை மன்னிக்க முடியாத குறையாகவே பார்க்கிறேன்.

முதல் இரண்டு சந்திப்புகளும் சுமார். தன்னம்பிக்கை, உடல்மொழி, லிங்க்ட்இன் புகைப்படம், அவ்வளவுதான். மூன்றாவதில் ஆலோசகர் மாறினார், முன்பு ஹெச்.ஆர். வேலையில் இருந்தவராம், அங்கேதான் கட்டிய பணத்துக்கு மதிப்பு வந்தது. "அவங்க உங்க படிப்பைப் பார்த்துப் பயப்படல, நீங்க ஆறு மாசத்துல போயிடுவீங்கன்னுதான் பயப்படறாங்க" என்றார். அதற்கு அவர் சொன்ன உதாரணத்தை நான் பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் நியூ லண்டன் என்ற ஊரில் போலீஸ் வேலைக்கான அறிவுத்தேர்வில் ஒருவர் 50-க்கு 33 எடுத்தார், 20 முதல் 27 வரை எடுத்தவர்களை மட்டும்தான் இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள், மிஞ்சி எடுத்தவர்கள் சலிப்படைந்து பயிற்சிச் செலவை வீணாக்கிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது காரணம். அவர் வழக்குப் போட்டார், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. படித்தபோது கோபம் வந்தது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கணக்கு முதல்முறையாகப் புரிந்தது. அதற்குமுன் அவர்கள் என் படிப்பைச் சந்தேகப்படுகிறார்கள் என்றே நினைத்து, ஒவ்வொரு முறையும் கட்டுரை, விருது என்று இன்னும் அடுக்கிக்கொண்டே போயிருக்கிறேன். அவர்கள் பயத்தை நானேதான் வளர்த்திருக்கிறேன்.

பட்டம் என்பது முதலாளிக்கு நாம் காட்டும் ஒரு சமிக்ஞை என்று பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-லேயே எழுதியிருக்கிறார், பிறகு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தச் சமிக்ஞை நமக்கு எதிராகவும் படிக்கப்படலாம் என்பதைத்தான் என் பதினொரு இன்டர்வியூவும் காட்டின. நான் தனியாள் இல்லை என்பதும் இந்தத் தேடலில்தான் தெரிந்தது: 2024 டிசம்பரில் ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) வெளியிட்ட வயதுவந்தோர் திறன் ஆய்வில், உறுப்பு நாடுகளின் சராசரியாக ஏறக்குறைய 23 சதவீதம் பேர் வேலைக்குத் தேவையானதைவிட அதிகத் தகுதியோடு இருக்கிறார்கள். மிகைப்படிப்பு முழுக்க வீண் என்றும் இல்லை. டங்கன், ஹாஃப்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981-ல் அமெரிக்கத் தரவுகளை வைத்துப் பார்த்ததில், வேலைக்குத் தேவைக்கு மேல் படித்த வருடத்துக்கும் கூலி கூடுகிறது, ஆனால் தேவையான வருடத்துக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

சரி, அந்த ஆலோசகர் என்ன செய்யவைத்தார்? பி.எச்டி.யை மறைக்க வேண்டாம், மேலேயும் வைக்க வேண்டாம், கல்விப் பகுதியில் ஒரு வரியாகப் போடுங்கள் என்றார். ரெஸ்யூமின் தொடக்கத்தில் இந்த வேலை ஏன் வேண்டும், எத்தனை வருடம் இருப்பதாக எண்ணம், சம்பளம் விளம்பரத்தில் போட்ட அளவே எனக்குச் சம்மதம் என்று மூன்று வரி எழுதவைத்தார். உங்களைவிட வயதிலும் படிப்பிலும் குறைந்த மேலதிகாரி சொல்வதைக் கேட்பீர்களா என்று மாதிரி இன்டர்வியூவில் விடாமல் துளைத்தார். நிஜத்தில் இரண்டு வருடம் இருப்பேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்ததால்தான் அதை எழுதினேன். தெரியாமல் எழுதக்கூடாது, அவரும் அதைத்தான் சொன்னார்.

பழைய ரெஸ்யூமை வைத்து அனுப்பியபோது ஆறு மாதமாக எதுவும் நகரவில்லை. புதியதை ஒன்பது இடத்துக்கு அனுப்பினேன், மூன்று இடத்தில் அழைத்தார்கள். அதில் ஒன்று விதை ஆய்வகம். வழக்கமான கேள்வி வந்தது, இந்த முறை பதில் சொன்னேன். இன்டர்வியூ எடுத்தவர் தலையாட்டிவிட்டு, "முளைப்புச் சோதனைக்கு எத்தனை விதை எடுப்பீங்க?" என்றார். நானூறு, நூறு நூறாக நான்கு பிரிவு என்றேன். அதற்குப்பின் முக்கால் மணி நேரம் வேலையைப் பற்றித்தான் பேசினோம். முடிவு இன்னும் வரவில்லை.

ஐந்துக்கு மூன்று தருகிறேன், மூன்றும் அந்தக் கடைசி இரண்டு சந்திப்புக்கும் மாதிரி இன்டர்வியூவுக்கும்தான். ரெஸ்யூம் திருத்தத்துக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். சந்திப்புகளைத் தனியாக வாங்கும் வசதி அவர்கள் இணையப் பக்கத்தில் காட்டப்படவில்லை, ஆனால் நான் எழுதிக் கேட்டபோது தருவதாகப் பதில் வந்தது. சேரும்போதே ஹெச்.ஆர். அனுபவம் உள்ள ஆலோசகர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், எனக்கு இரண்டு சந்திப்பு வீணானது அது தெரியாததால்தான்.