பாய்மரத்துக்குள் சுருளும் பாய்: ஆறு வருட அனுபவம்

நண்பர் ஒருவர் சவுத்தாம்ப்டன் பக்கம் 36 அடி பாய்மரப் படகு ஒன்றை செகண்ட் ஹேண்டில் பார்த்துவிட்டு வந்தார். படகு பிடித்துவிட்டது. "முதன்மைப் பாயான மெயின்செயில் பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டு போகுதே, அது நல்லதா?" என்று கேட்டார். என் படகிலும் அதேதான். ஆறு வருடமாக சோலெண்டில், இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவிலுள்ள நீரிணையில், ஓட்டுகிறேன். ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. பழைய பாயைக் கழற்றிவிட்டுப் புதிது போட்ட பில் கைக்கு வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். படகில் நானும் மனைவியும் மட்டும்தான். காற்று ஏறினால், சுக்கான் பக்கம் உட்காரும் காக்பிட்டை விட்டு யாரும் எழ வேண்டாம். ஒரு கயிற்றைத் தளர்த்தி இன்னொன்றை இழுத்தால், பாய் வேண்டிய அளவுக்குச் சிறுத்துவிடும். சாயங்காலம் யார்மத் துறைமுகம் போய்ச் சேர்ந்தபின் மடித்து உறை போடும் வேலையும் கிடையாது. இது இல்லாவிட்டால் பாதி நாள் மெயின்செயிலை விரிக்காமல் முன்பாயோடு மட்டும் போயிருப்போம்.

வேகம் குறையும் என்பார்கள். குறையும்தான். பாயை விறைப்பாக நிறுத்தும் பேட்டன் பட்டைகளைக் குறுக்கே வைக்க முடியாததால் பாயின் பின்விளிம்பு உள்வாங்கி இருக்கும், பரப்பும் குறைவு. அது எனக்குப் பெரிய விஷயமில்லை.

என் கோபமெல்லாம் ஒரு மடிப்பின் மேல். துணி பழசானால் தொய்யும். தொய்ந்த இடம் சுருளும்போது மடிப்பு விழும். மரத்தின் பின்பக்கப் பிளவோ விரல் அகலம்தான். அதில் மடிப்பு போய் உட்கார்ந்தால் பாய் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. சாதாரண மெயின்செயிலில் ஏற்றுக் கயிற்றை விட்டால் பாய் கீழே வந்துவிடும். இதை முழுக்க விரித்தால்தான் இறக்கவே முடியும்.

போன ஆகஸ்டில் சோலெண்டின் மேற்கு வாயிலில் உள்ள ஹர்ஸ்ட் கோட்டையைத் தாண்டும்போது அப்படி மாட்டியது. வற்றும் நீர் மேற்கே இழுக்கிறது, எதிரே தென்மேற்குக் காற்று, அலை செங்குத்தாக எழும்புகிறது. மனைவி சுக்கானைப் பிடித்துக்கொள்ள, நான் பாய்மரத்தின் அடியில் நின்று இரண்டு கையாலும் துணியைப் பிடித்து இழுத்தேன். அங்குலம் அங்குலமாக இருபது நிமிடம். விரல் நுனியில் தோல் உரிந்துவிட்டது. மரத்தடிக்குப் போகவே வேண்டாம் என்றுதான் இதை வாங்கினோம். போகவே கூடாத நேரத்தில் போக வைத்தது.

என் கைத்தவறும் உண்டு. இறுகுகிறதே என்று முதல் வருடங்களில் கயிற்றை இறுக்கும் உருளையான வின்ச்சில் போட்டுத் திருகியிருக்கிறேன். அதில் மடிப்பு இன்னும் இறுகும். பாயின் அடியில் கிடையாக நீளும் கட்டையான பூமின் நுனி சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். கோணம் தவறினால், கோரைப்பாயைக் கோணலாகச் சுருட்டினால் ஒரு முனை துருத்திக்கொண்டு வருமே, அப்படி ஆகிவிடும். வெளியே இழுக்கும் கயிற்றையும் ஒரேயடியாக விடாமல், லேசான இழுப்போடு விட வேண்டும்.

புதுப் பாய் இப்போது ஒரு சுருக்கம் இல்லாமல் உள்ளே போகிறது. பார்க்கவே மனசு நிறைகிறது. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இன்று வாங்குவதாக இருந்தால் நான் சாதாரணப் பாய் உள்ள படகைத்தான் எடுப்பேன்.

அவருக்கு அந்தப் படகை விட மனமில்லை. சரி, பாயின் வயதைக் கேளுங்கள், பழசென்றால் புதுப் பாயின் விலையைக் கழித்துப் பேசுங்கள் என்றேன். நல்ல காற்றில் வெளியே கொண்டுபோய் ஐந்தாறு தடவை முழுக்க விரித்துச் சுருட்டிப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன்.