யோகாய்களுக்கு அறை உண்டு: ஒரு கதை விளையாட்டின் மதிப்புரை

ஜப்பானியப் பாணியில் அமைந்த பழைய மர விடுதி ஒன்றையும் அதைச் சூழ்ந்த தோப்பு, குளம், சிறு கோயில் ஆகியவற்றையும் களமாகக் கொண்டு, அங்கே அறை எடுத்துத் தங்க வரும் யோகாய்களையும் (ஜப்பானிய நாட்டார் கதைகளில் வரும் அமானுடப் பிறவிகள்) ஆவிகளையும் பாத்திரங்களாக்கி, நான்கைந்து பேர் கூடியிருந்து கதை சொல்லியே ஆடும் விளையாட்டு இது. ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் எங்கள் வாசகர் வட்டத்துப் பிள்ளைகளோடு கோடை விடுமுறையில் இதை ஆடிப் பார்த்தேன். பேயை ஓட்டும் விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. பேய்க்குச் சோறு போட்டு, அதன் குறையைக் கேட்டு, பக்கத்து அறைக்காரரோடு சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் விளையாட்டை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அதனாலேயே இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆடுபவர்களில் ஒருவர் விடுதியை நடத்தும் அம்மாள், மற்றவர்கள் வாடகைதாரர்கள். ஜப்பானில் ‘கெஷுகு’ எனப்படும் விடுதிகளில் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்துகொண்டு காலையும் இரவும் உணவு தருவது வழக்கம் என்பதால், சமையலறையும் பொதுக் குளியலறையும் இங்கே கதையின் நடுவிடங்களாகின்றன. வீட்டு வரைபடம் பாய்க்கணக்கில் வரையப்பட்டுள்ளது. ஒரு தாத்தாமிப் பாய் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலமும் 180 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது; நாலரைப் பாய் அறையில் ஒருவர் படுத்தெழலாம், ஆனால் இரவில் கழுத்து நீளும் ரொகுரொகுபி அங்கே குடியேறினால் அந்தக் கழுத்து எந்தச் சுவரைத் தாண்டும் என்பதை வரைபடத்தை வைத்தே சொல்லிவிட முடிகிறது. காகிதக் கதவுகளுக்குப் பின்னால் யாருக்கும் முழுத் தனிமை கிடையாது என்பதும் கதைக்கு நன்றாக உதவுகிறது.

இந்த விளையாட்டின் உயிர் அதன் வாடகை விதிகளில் இருக்கிறது. ஜப்பானில் வீடு எடுப்பவர் திருப்பித் தரப்படும் முன்பணத்தோடு, வீட்டுக்காரருக்கு நன்றியாகத் தந்து திரும்பப் பெறாத ஒரு தொகையையும் கொடுக்கும் பழக்கம் உண்டு. பிணை நிற்க ஓர் ஆளையும் கேட்பது வழக்கம். விளையாட்டு இந்த மூன்றையும் அமானுடருக்குப் பொருத்திக் கேட்கிறது: பணமில்லாத நரி யோகாய் எதை முன்பணமாக வைக்கும், அதற்கு யார் பிணை நிற்பார்கள்? உச்சந்தலைக் குழியில் நீர் தேங்கியிருக்கும் நீர்வாழ் யோகாயான கப்பா, தலை குனிந்து வணங்கினால் நீர் சிந்தி வலிமை இழந்துவிடும் என்பதால், வணக்கம் சொல்லும் இடத்திலெல்லாம் ஒரு குவளைத் தண்ணீர் வைப்பது அம்மாளின் கடமையாகிறது. குளியலறை அழுக்கை நக்கி வாழும் அகாநாமேக்கு, அந்த அறையைத் தேய்த்துக் கழுவுவது பட்டினி போடுவதற்குச் சமம். இவாத்தே பகுதிக் கதைகளில் வரும் சாஷிகி-வராஷி என்னும் வீட்டுக் குழந்தை வாடகையே தராது, ஆனால் அது வெளியேறிய வீடு நொடித்துப்போகும். நூறாண்டு கடந்து உயிர்பெற்ற குடையையும் செருப்பையும் வாடகைதாரராகக் கொள்வதா, வீட்டுச் சாமானாகக் கொள்வதா என்ற கேள்விக்கு விதிநூல் விடை தராமல் ஆடுபவர்களிடமே விட்டுவிடுகிறது. எங்கள் பிள்ளைகள் அதை வைத்து ஒரு மாலை முழுவதும் பஞ்சாயத்து நடத்தினார்கள்.

உப்பு வரும் இடம் எங்கள் கரையில் தனியாக ஒலித்தது. ஜப்பானில் தீட்டு அண்டாமலிருக்க வாசலில் சிறு உப்புக் குவியல் வைப்பார்கள். வாலிநோக்கத்து உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், திருஷ்டிக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதை விளக்கவே தேவைப்படவில்லை. வரைபடத்தில் வாசலருகே உப்புக் குவியல் இருப்பதைக் கண்ட சிறுமி ஒருத்தி, “அக்கா, அந்த உப்ப எடுத்து உள்ள வைங்க, பாவம், அதுக எப்படி வரும்?” என்று கேட்டாள். நல்லதற்கென்று வைத்த ஒரு பொருள், குடியிருக்க வருபவரின் முகத்தில் கதவைச் சாத்துகிறது என்பதை விதிநூல் இரண்டு பக்கங்களில் சொல்வதைவிடச் சுருக்கமாக அவள் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குக் காட்டிய அக்கறையைத் தோட்டத்துக்குக் காட்டவில்லை. இனாரி தெய்வத்தின் கோயில் வரைபடத்தில் இருக்கிறது, அத்தெய்வத்தின் தூதரான நரிக்குப் பொரித்த தோஃபு படைக்கும் குறிப்பும் இருக்கிறது; அதற்கு மேல் அந்தக் கோயிலில் எதுவும் நடப்பதில்லை. குளம் கப்பாவுக்காக மட்டுமே. எல்லையில் யார் காவல், தோப்பின் மறுபுறம் எந்த ஊர், அந்த ஊர்க்காரர்கள் விடுதியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பவை எழுதப்படவே இல்லை. எல்லையில் முனிக்குப் படையல் வைத்த பின்பே ஊருக்குள் காரியம் தொடங்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது பெருங்குறையாகத் தெரியும்.

ஒபோன் அத்தியாயத்தைக் கவனமாக நடத்த வேண்டும். ஜப்பானின் பல பகுதிகளில் ஆகஸ்ட் நடுவில் வரும் அந்த நாட்களில் முன்னோர் வீடு திரும்புவதாக நம்பிக்கை. வழியனுப்பும்போது நீரில் விளக்குகளை மிதக்கவிடும் ஊர்களும் உண்டு. ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்திலும் சேதுக்கரையிலும் கூடும் கூட்டத்தைப் பார்த்திருக்கும் பிள்ளைகள் இதற்குள் உடனே நுழைந்துவிட்டார்கள். ஆனால் விருந்தாளியாக வரும் இறந்தவரை உங்கள் ஊரிலிருந்தே தேர்ந்தெடுங்கள் என்று விதிநூல் சொல்லும்போது, இங்கே முதலில் எழும் பெயர் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் கடல் கொண்ட அந்த ஊரிலும், அதே புயலில் கடலில் அடித்துச் செல்லப்பட்ட ரயிலிலும் போனவர்களின் உறவினர்கள் இன்னும் இந்தத் தீவில் வாழ்கிறார்கள். அவர்களை விளையாட்டுப் பாத்திரமாக்க நான் அனுமதிக்கவில்லை. மற்ற ஊர்களில் இதை நடத்துபவர்களும் தங்களுடைய துக்கங்களை அறிந்து நடத்த வேண்டும். இப்படியொரு எச்சரிக்கை விதிநூலிலேயே இருந்திருக்க வேண்டும்.

விதிநூல் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், சிறுவர்களுக்குப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே படித்துச் சொல்லித்தான் ஆட வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாராளமாக ஆடலாம், பயமுறுத்தும் பகுதிகள் குறைவு. வரைபடத் தாளும் பாத்திர அட்டைகளும் மெல்லியவை. கடற்காற்றின் ஈரத்தில் சில வாரங்களிலேயே ஓரம் சுருண்டுவிட்டதால், கரையோர ஊர்களில் வாங்குபவர்கள் பெட்டியைப் பிரித்த அன்றே அட்டைகளை லேமினேட் செய்துவிடுவது நல்லது.