அவெஞ்சர்ஸ் 280: பட்லருக்கென்று ஒரு முழு இதழ்

அவெஞ்சர்ஸ் காமிக்ஸில் ஒரே ஒரு இதழ்தான் படிப்பேன், எதைப் படிக்கட்டும் என்று கேட்பவர்களுக்கு நான் 1987 ஜூன் தேதி போட்டு வந்த 280-ஆவது இதழைத்தான் சொல்வேன். அன்றைய விலை 75 சென்ட். உலகத்துக்கு இதில் எந்த ஆபத்தும் இல்லை. ஒரு மனிதர் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பழசையெல்லாம் நினைத்துப் பார்க்கிறார், வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார், அவ்வளவுதான் கதை. அந்த மனிதர் எட்வின் ஜார்விஸ், அவெஞ்சர்கள் என்ற சூப்பர்ஹீரோ கூட்டம் குடியிருக்கும் மாளிகையின் பட்லர், அதாவது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையாள்.

சினிமா மட்டும் பார்த்தவர்களுக்கு ஜார்விஸ் என்றால் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின் காதுக்குள் பேசும் கம்ப்யூட்டர். 2008-இல் முதல் அயர்ன் மேன் படம் எடுத்தபோது பட்லரை மென்பொருளாக மாற்றிவிட்டார்கள், பால் பெட்டனி குரல் கொடுத்தார், கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தூங்காத, சம்பளம் கேட்காத, லீவு எடுக்காத, முக்கியமாக அடித்தால் வலிக்காத ஒரு வேலையாளாக அவரை ஆக்கியதில் அந்தப் பாத்திரத்தின் உயிர் போய்விட்டது என்பது என் கட்சி. (2015-இல் வந்த ஏஜென்ட் கார்ட்டர் தொடரில் ஜேம்ஸ் டார்சி மனித ஜார்விஸாக வந்தார், அது பரவாயில்லை.) காமிக்ஸில் அவர் ரத்தமும் சதையுமான ஆள். 1964 நவம்பரில், டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ் 59-ஆவது இதழில் முதல் தடவை தலைகாட்டினார். பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர், அங்கே குத்துச்சண்டை சாம்பியன். அப்புறம் டோனியின் பெற்றோர் ஹோவர்ட், மரியா ஸ்டார்க் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். டோனி தன் குடும்ப மாளிகையை அவெஞ்சர்களுக்கு விட்டுக்கொடுத்தபோது, வீட்டோடு சேர்ந்து இவரும் போனார். உனக்குச் சம்மதமா என்று யாராவது இவரிடம் கேட்டிருப்பார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

அந்த மாளிகையின் முகவரி நியூயார்க், 890 ஐந்தாம் அவென்யூ. கற்பனை முகவரிதான், ஆனால் அதற்கு மாதிரியாக வைத்த வீடு நிஜத்தில் இருக்கிறது. எஃகு வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்த ஹென்றி க்ளே ஃப்ரிக் என்பவர் 70-ஆவது தெருமுனையில் கட்டிய வீடு, இப்போது ஃப்ரிக் கலெக்ஷன் என்ற ஓவிய மியூசியம். அதன் போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டு இந்தக் காமிக்ஸ்களைப் படியுங்கள். அந்த நீள அகலத்துக்கு ஒற்றை ஆள் தூசி தட்டி, சமைத்து, வாசலுக்கு வருகிறவர்களைச் சமாளித்து, அதற்கு நடுவே சுவரை உடைத்துக்கொண்டு வரும் வில்லன்களுக்கும் பதில் சொன்னார் என்பதுதான் இந்தக் காமிக்ஸ்களைப் போடும் மார்வெல் கம்பெனி எழுதியதிலேயே நம்பமுடியாத சூப்பர் பவர்.

இந்த இதழுக்குப் போவதற்கு முன் ஒரு முன்கதை தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பாதி ருசிதான் கிடைக்கும். 273 முதல் 277 வரை, அதாவது 1986 நவம்பரிலிருந்து 1987 மார்ச் வரை, ராஜர் ஸ்டெர்ன் எழுத்தில் ஜான் புஸ்ஸேமாவும் டாம் பால்மரும் வரைந்த கதை வந்தது. வாசகர்கள் இன்றைக்கும் ‘அண்டர் சீஜ்’ என்று அதைக் கொண்டாடுகிறார்கள். பாரன் ஸீமோ ஒரு பெரிய வில்லன் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மாளிகையையே பிடித்துவிடுகிறான். அவெஞ்சர்களில் ஒருவரான ஹெர்குலிஸை அடித்து கோமாவில் தள்ளுகிறார்கள். கேப்டன் அமெரிக்காவைக் கட்டிப்போட்டு, அவர் கண்ணெதிரிலேயே ஜார்விஸை மிஸ்டர் ஹைட் என்ற ராட்சசனிடம் விடுகிறார்கள். ஹைட் அடிக்கிறான். கேப்டனைச் சாகடிப்பதைவிட இதுதான் அவருக்கு அதிகம் வலிக்கும் என்று ஸீமோவுக்குத் தெரியும். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் எத்தனையோ கட்டடங்கள் இடிந்து பார்த்தாயிற்று, எதுவும் மனதில் நிற்கவில்லை, இந்த ஓர் அடி மட்டும் நிற்கிறது. ஏனென்றால் தோரை அடித்தால் தோர் திருப்பி அடிப்பார் என்று நமக்குத் தெரியும். காலையில் டிபன் பரிமாறிய ஆளை அடித்தால் அவர் என்ன செய்வார்? மாளிகை பாழாய்ப்போகிறது. 277-இன் கடைசியில், தன் அம்மாவின் போட்டோவைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை என்று பார்த்து கேப்டன் அமெரிக்கா அழுகிறார். ஜார்விஸ் உயிர் பிழைக்கிறார், ஆனால் உடம்பு பழைய உடம்பாக இல்லை. நடையில் ஊனம், ஒரு கண்ணில் பார்வைக் குறைவு.

சரி, 280.

வழக்கமாக எழுதும் ஸ்டெர்ன் இந்த மாதம் இல்லை, பாப் ஹாராஸ் எழுதியிருக்கிறார். பின்னாளில் அவெஞ்சர்ஸ் தொடரையே சில வருஷம் எழுதி, அப்புறம் மார்வெலின் தலைமை ஆசிரியரும் ஆனவர். படம் பாப் ஹால். இடைச்செருகல் இதழ் என்றால் அமெரிக்க காமிக்ஸில் பெரும்பாலும் ஒப்பேற்றல்தான். அச்சுக்கு நேரமாகிவிட்டது, கையில் இருப்பதைப் போடு என்கிற மாதிரி இருக்கும். இது அந்த ரகத்தில் சேராது. பெரிய சண்டை ஒன்று முடிந்ததும் அடுத்த மாதமே எல்லோரும் சட்டை மாற்றிக்கொண்டு அடுத்த சண்டைக்குப் போய்விடும் தொடரில், கொஞ்சம் நில்லுங்கள், அடி வாங்கிய ஆள் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அதற்காகவே பாதி மார்க் போட்டுவிடலாம்.

கட்டமைப்பு எளிமையானது. கட்டிலில் கிடக்கும் ஜார்விஸுக்கு முன்னால் இரண்டு வழி: கௌரவமாக விலகிக்கொள்வது, அல்லது திரும்பிப் போவது. இரண்டுக்கும் நடுவே ஃப்ளாஷ்பேக்குகள். இது முழுக்க அவர் பார்வையில் சொல்லப்படுவதுதான் விசேஷம். நாம் பல வருஷமாக அட்டைப்படத்தில் பார்த்த ஆட்களை, இங்கே தட்டு எடுத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நிற்பவரின் இடத்திலிருந்து பார்க்கிறோம். யார் கர்வி, யார் தனியாகக் கிடந்து தவிக்கிறவர், யார் சத்தம் போட்டாலும் உள்ளுக்குள் குழந்தை என்பதெல்லாம் வீட்டு வேலை பார்ப்பவருக்குத் தெரியும் அளவுக்கு எந்த வில்லனுக்கும் தெரியாது.

அந்த நினைவுகளுக்குப் பின்னால் இருக்கும் சரித்திரம் பெரியது, அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு உதவும். 1965 மே மாதம், 16-ஆவது இதழில் பழைய அவெஞ்சர்கள் எல்லோரும் விலக, கேப்டன் அமெரிக்கா தலைமையில் ஹாக்ஐ, குவிக்சில்வர், ஸ்கார்லெட் விட்ச் என்று புதுக்கூட்டம் சேர்ந்தது. ஹாக்ஐ வேலை கேட்டு வந்த விதம் இருக்கிறதே, மாளிகைக்குள் நுழைந்து ஜார்விஸைக் கட்டிப்போட்டு, அப்புறம் அம்பு விட்டு அந்தக் கட்டை அவிழ்த்துத் தன் திறமையைக் காட்டினான். அவனை மெச்சிச் சேர்த்தும் கொண்டார்கள். கட்டப்பட்ட ஆளே மறுநாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடு பரிமாற வேண்டியதாயிற்று. 1968-இல் 54, 55-ஆவது இதழ்களில் அல்ட்ரான் என்ற வில்லன் ரோபோவின் வசியத்துக்கு ஆட்பட்டு, அதே ஜார்விஸ் அவெஞ்சர்களைக் காட்டிக்கொடுக்கும் நிலைக்குப் போனார். அப்புறம் 57-ஆவது இதழில் விஷன் என்ற செயற்கை மனிதன் வந்தான், பின்னாளில் ஸ்கார்லெட் விட்சான வாண்டாவைக் கல்யாணம் செய்துகொண்டான். எத்தனை பேர் வந்தார்கள், போனார்கள், செத்தார்கள், திரும்பியும் வந்தார்கள். இவர் மட்டும் அதே வாசலில். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த நமக்கு ஹீரோவின் சட்டையை யார் துவைத்தார்கள் என்ற கேள்வியே வந்ததில்லை.

பேட்மேனின் பட்லர் ஆல்ஃபிரட்டோடு இவரை ஒப்பிடுவது எல்லோரும் செய்வது. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. ஆல்ஃபிரட்டுக்கு ஒரே பிள்ளை, தூக்கி வளர்த்த பிள்ளை, அந்தப் பாசத்தில் வேலைக்காரன் என்பதே மறைந்துபோய் அப்பா ஆகிவிடுகிறார். ஜார்விஸ் ஹாஸ்டல் மெஸ் மேனேஜர் மாதிரி. பசங்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், யாரும் அவர் பெற்ற பிள்ளை கிடையாது, ஆனால் யாருக்கு எது பிடிக்கும், யார் ராத்திரி லேட்டாக வருவான் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பாசத்துக்கு ரத்தமோ வளர்ப்போ காரணம் சொல்ல முடியாது. அதனால்தான் அவர் விலகுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இங்கே நிஜமாகவே எடை இருக்கிறது.

விசுவாசமான வேலைக்காரன் என்றாலே நம் பழைய சினிமாவில் தோளில் துண்டு, நாலு பக்க வசனம், கடைசியில் எஜமானுக்காகத் துப்பாக்கிக் குண்டை நெஞ்சில் வாங்குவது என்று ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது. அதற்கு அடியில் இருப்பது செஞ்சோற்றுக்கடன். கர்ணனிலிருந்து அதே கணக்குதான்: உன் உப்பைத் தின்றேன், உனக்காகச் சாகிறேன். ஜார்விஸ் விஷயத்தில் அந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. இங்கே சோறு போட்டது அவர். இத்தனை வருஷம் தின்றது தேவர்களும் கோடீஸ்வரர்களும். கடன் என்று பார்த்தால் அது அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. இந்த இதழ் அந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டு, தொடாமல் ஒதுங்கிப் போகிறது, அதுதான் எனக்கு இருக்கும் ஒரே பெரிய குறை. அவர் பட்டதற்கு இந்தக் கூட்டம் என்ன செய்யப்போகிறது என்ற கேள்வியை யாராவது சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு ஆபத்தான வீட்டில், கவசமோ மந்திரமோ இல்லாத ஒரு மனிதரை வேலைக்கு வைத்திருப்பது சரியா என்று ஒரு ஹீரோகூடத் தூக்கம் கெட்டு யோசித்திருக்க வேண்டும். கதை அந்தப் பாரம் முழுவதையும் ஜார்விஸ் தலையிலேயே வைத்து, முடிவையும் அவரே எடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறது.

முடிவு என்ன என்று ஊகித்திருப்பீர்கள். திரும்பிப் போகிறார். 1987-இல் வந்த கதைக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை எல்லாம் வேண்டாம். மாதாமாதம் வரும் தொடரில் வேறு எப்படி முடிக்க முடியும் என்று கேட்கலாம், நியாயம்தான். இருந்தாலும் அந்த முடிவு எனக்கு ஒட்டியது, காரணம் அவர் தன் வேலையை வேலையாகவே மதிக்கிறார். தியாகி வேஷம் போடவில்லை. நான் செய்வதில் நான் கெட்டிக்காரன், அந்த வீட்டுக்கு நான் தேவை, எனக்கும் அது பிடித்திருக்கிறது என்கிற நிதானம்தான் தெரிகிறது. ஒரு ரவுடி அடித்ததற்காக நான் ஏன் என் இடத்தை விட வேண்டும் என்ற பழைய குத்துச்சண்டைக்காரரின் பிடிவாதமும் அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தப் பிடிவாதத்தை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டுமானால் 1980 நவம்பர், 201-ஆவது இதழின் பின்பக்கத்தில் வந்த குட்டிக்கதையைத் தேடுங்கள். அம்மாவைப் பார்க்கப் போன இடத்தில், அந்தத் தெருவையே மிரட்டிக்கொண்டிருக்கும் ஒரு தடியனை ஜார்விஸ் தனியாளாக எதிர்கொள்வார். சில பக்கங்கள்தான், 280-ஐவிடக் கூர்மை.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புஸ்ஸேமா, பால்மர் ஜோடியின் கம்பீரத்துக்குப் பழகிய கண்ணுக்கு இந்த இதழ் கொஞ்சம் மெலிவாகத் தெரியும். ஆனால் தசையும் தோரணையும் இங்கே தேவைப்படவும் இல்லை.

யாருக்குப் பிடிக்காது என்றும் சொல்லிவிட வேண்டும். ஃப்ளாஷ்பேக் என்றாலே அலுத்துக்கொள்பவர்கள், பக்கத்துக்கு ஒரு வெடி வேண்டும் என்பவர்கள் தவிர்த்துவிடலாம். பழைய அமெரிக்க காமிக்ஸ் என்பதால் சிந்தனைக் குமிழிகளும் வசனமும் ஏராளம், இன்றைய காமிக்ஸ் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு முதல் சில பக்கம் இழுக்கும். இன்னொன்று, 2000-க்குப் பிறகு வந்த ஜார்விஸ் கதைகளை வைத்து இவரை எடைபோடாதீர்கள். ஸ்பைடர்மேனின் மே அத்தையோடு காதல், 2008-இல் பார்த்தால் அது ஜார்விஸே இல்லை, வேஷம் போட்ட வேற்றுக்கிரகவாசி என்றெல்லாம் போனார்கள். பாவம் மே அத்தை.

வாங்குவதாக இருந்தால் தனி இதழைத் தேடி அலைய வேண்டாம். ‘அவெஞ்சர்ஸ் எபிக் கலெக்ஷன்: ஜட்ஜ்மென்ட் டே’ தொகுப்பில் 278 முதல் 285 வரை இருக்கிறது, இதுவும் அதில் அடக்கம். அதற்கு முந்தைய தொகுப்பான ‘அண்டர் சீஜ்’ஐ முதலில் படித்துவிட்டு வாருங்கள், இரண்டையும் சேர்த்து வாங்கக் கையைக் கடித்தால் மார்வெலின் சந்தாச் செயலி இருக்கிறது. தொகுப்பில் 281-லிருந்து ஹெர்குலிஸின் அப்பா ஜீயஸ், தன் மகனுக்கு நடந்ததற்கு அவெஞ்சர்கள்தான் காரணம் என்று கோபித்துக்கொண்டு ஒலிம்பஸில் பெரிய ரகளை செய்வார். பிள்ளைக்கு அடிபட்டதும் கேள்வி கேட்க ஒரு கடவுளே வருகிறார், நான் மேலே சொன்ன குறைக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது. மற்றபடி அந்தக் கதை சுமார்தான், அவசரமில்லை, மெதுவாகப் படித்துக்கொள்ளலாம்.