விறகு அடுப்புக்குச் சூடு அலாரம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

அயனாவரத்தில் சிறிய அளவில் பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்கிறோம். சவுக்கு விறகு அடுப்பு, காற்றுக்கு ப்ளோயர், புகை போக ஒரு தகரக் குழாய். குழாய் வெளியேறும் இடத்தில் கீற்றுக் கூரை. அதை நினைத்தாலே எனக்குப் பயம்தான்.

தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், வீட்டிலேயே அலாரம் செய்து தருவதாகச் சொன்னார். குழாய்ச் சூடு 250 டிகிரியைத் தாண்டினால் பஸ்ஸர் அடிக்கும், ப்ளோயர் தானாக நின்றுவிடும், சென்சார் 600 டிகிரி தாங்கும் என்றார். விலை 4,200 ரூபாய். கண்முன்னே சோதித்தும் காட்டினார். அலாரம் அடிக்கும் அளவை 60 டிகிரியில் வைத்து, சென்சாரை ஒரு டம்ளர் வெந்நீரில் விட்டார். பஸ்ஸர் அலறியது. நம்பிவிட்டேன். அதைவிடப் பெரிய தப்பு, அலாரம் இருக்கிறது என்ற தைரியத்தில் கீற்றை எடுக்காமல் தள்ளிப்போட்டது.

மூன்றாவது வாரம் ஒரு கல்யாண ஆர்டர். விடியற்காலை மூன்று மணிக்கு, "அண்ணே, மேல பாருங்க!" என்று மாஸ்டர் கத்தினார். கீற்று ஓரம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. பெட்டியில் சத்தமே இல்லை. திரையில் -127 என்று காட்டியது. ப்ளோயர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, அரிசி ஊறவைத்த அண்டாவோடு தூக்கி ஊற்றி அணைத்தோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மறுநாள், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் பெட்டியைக் கொடுத்தேன். உள்ளே இருந்தது டிஎஸ்18பி20 என்ற சென்சார். அது 125 டிகிரி வரைக்கும்தான். 250 என்று அது ஒருநாளும் சொல்லியிருக்கவே முடியாது! வயரின் கறுப்பு உறை உருகி வழிந்து, உள்ளே கம்பி அறுந்திருந்தது. சென்சாரிடமிருந்து பதில் வராவிட்டால் ப்ரோக்ராம் -127 என்று எடுத்துக்கொள்ளுமாம். அது 250-க்குக் கீழேதானே? அடுப்பு ஆறிக் கிடக்கிறது என்று நினைத்து, பெட்டி ப்ளோயரை ஓடவிட்டிருக்கிறது.

இந்த வேலைக்குக் கண்ணாடி இழை உறை போட்ட கே டைப் தெர்மோகப்பிள், அதாவது அதிகச் சூட்டை அளக்கிற கம்பி சென்சார், வேண்டும் என்றார் மெக்கானிக். அதோடு சேரும் மேக்ஸ்6675 சிப் 1,024 டிகிரி வரை படிக்கும். கம்பி அறுந்தாலும் அந்தச் சிப்பே சொல்லிவிடும், ஆனால் ப்ரோக்ராமில் அதைக் கவனிக்க எழுதியிருக்க வேண்டும். ப்ளோயரை ஆன், ஆஃப் செய்கிற ரிலே சுவிட்சும், பெட்டிக்குக் கரண்ட் போனால் ப்ளோயர் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "விறகு அதிகமா போட்டிருப்பீங்க சார்" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. பணமும் வரவில்லை.

கீற்றைப் பிரித்துவிட்டோம். வெந்நீர் டம்ளர் சோதனையை மட்டும் பார்த்து யாரும் பணம் கொடுக்காதீர்கள். பெட்டி ஓடும்போதே சென்சார் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பஸ்ஸர் அடித்து ப்ளோயர் நின்றால் மட்டும் வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே, அடுப்பு மூட்டும் முன் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.